சர்வேயருக்குச் சூடு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நாயின் கால் கட்டைவிரலைத் தேடி அரைமணி நேரம் செலவழித்தவன் நான். நான்கு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லா விரலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. முன்னங்காலின் உள்பக்கம் மட்டும், தரையைத் தொடாமல் ஒரு விரல் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைவெட்டி இல்லாமல் தொங்குகிறதே, இதுதான் கட்டைவிரலாக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி அதில் சுண்ணாம்பு தடவினேன். பின்னங்காலில் அதுவும் இல்லாததால் குத்துமதிப்பாக ஒரு விரலுக்குத் தடவிவிட்டேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அறிவியல் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவன் என்பதையும் இந்த இடத்தில் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

நாயின் பெயர் சர்வேயர். வைத்தவர் அப்பா. குடவாசலுக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில் எங்கள் ஊர். அப்பா ஊரூராகப் போய் பம்புசெட் பழுது பார்ப்பவர். அது போக, மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு இருந்தது. பக்கத்து வயல்காரருக்கும் எங்கள் நிலத்துச் சொந்தக்காரருக்கும் வரப்புத் தகராறு வந்து, ஒருநாள் தாலுகா ஆபீசிலிருந்து சங்கிலியும் கையுமாக நிஜ சர்வேயர் வந்தார். அவர் ஒவ்வொரு எல்லைக்கல்லாகத் தேடிக் காட்டக் காட்ட, பின்னாலேயே போன எங்கள் நாய் ஒவ்வொரு கல்லிலும் காலைத் தூக்கிவிட்டு வந்தது. தாலுகா ஆபீசில்கூட முத்திரை இவ்வளவு சீக்கிரம் விழாது என்று அப்பா சொல்ல, வந்திருந்த அதிகாரியே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அதற்கு அந்தப் பெயர்.

பெயருக்கு ஏற்ற வேலையை அது ஒருநாளும் தவறவிட்டதில்லை. காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் மெயின்ரோட்டு மைல்கல் வரைக்கும் கூட வரும். வழியில் இருக்கும் மின்கம்பம், மதகுச் சுவர், வைக்கோல் போர், நிறுத்திவைத்த டிராக்டரின் பெரிய சக்கரம், எதையும் விட்டுவைக்காது. மைல்கல்லில் முடித்துவிட்டுத் திரும்பிப் போகும். வகுப்பில் ஒருத்தன் தன் மாமாவுக்கு நூறு மா நிலம் இருப்பதாகப் பீற்றிக்கொண்டபோது, எங்கள் நாய்க்கு இருநூறு மா என்று நான் பதில் சொன்னேன்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் சர்வேயர் திடீரென்று அதிகம் உழைக்க ஆரம்பித்தது. பத்தடிக்கு ஒருதரம் காலைத் தூக்கியது. ஏற்கெனவே தூக்கிய இடத்துக்கே திரும்பி வந்து இன்னொரு தரம் தூக்கியது. பார்த்த எனக்கு ஒரே பெருமை. சர்வேயருக்கு பிரமோஷன் வந்துவிட்டது, இப்போது தாசில்தார் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். பையன்கள் நம்பவில்லை. அதனால் ஒருநாள் காலை எண்ணிக்கொண்டே போனேன். வீட்டிலிருந்து மைல்கல்லுக்குள் இருபது தரம். ஒவ்வொரு தரமும் என்ன வந்தது, வந்ததா என்று மட்டும் நான் பார்க்கவில்லை. எண்ணுவதில் அவ்வளவு கவனம்.

இரண்டாவது வாரம், மைல்கல்லின் வெள்ளைச் சுண்ணாம்பில் வெளிறிய சிவப்பாக ஒரு கறை இருந்தது. யாரோ வெற்றிலைச் சாற்றைத் துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, நம் நாயின் கல்லில் துப்பிய அந்த ஆளின் மேல் கோபப்பட்டேன். மறுநாளும் கறை இருந்தது, இன்னும் கொஞ்சம் சிவப்பாக. அந்த ஆள் தினமும் அங்கே வருகிறான் போலும் என்று முடிவு செய்தேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க மறைந்திருந்துகூடப் பார்த்தேன். நாயைத் தவிர யாரும் வரவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சர்வேயர் காலைத் தூக்கவே இல்லை. கொல்லைப்புறத்தில் பெட்டை நாய்போலக் குந்திக்கொண்டு நின்றது. முதுகு வளைந்து, வால் நடுங்கி, வெகுநேரம் அப்படியே நின்றது. எழுந்து நாலடி நடந்து மறுபடி குந்தியது. தரை காய்ந்தே கிடந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தாசில்தார் பொம்பளை ஆகிவிட்டார் என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா பல் துலக்கிக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூடு, என்றார்.

எங்கள் பக்கத்தில் சூடு என்றால் அதற்குமேல் கேள்வி கிடையாது. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. வயிறு வலித்தாலும், முகத்தில் பரு வந்தாலும், கணக்கில் தோற்றாலும் சூடு என்று எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். எல்லாவற்றிலும் கெட்டிச் சூடு, ஒன்றுக்குப் போகும்போது எரிவதும் கடுப்பதும். அதற்கான மருந்து எனக்கு மனப்பாடம். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு. குடிக்க இளநீர். அது எப்படி எனக்குத் தெரியும் என்றால், அம்மாவின் கால் கட்டைவிரல் இரண்டும் மாதத்தில் பாதி நாள் வெள்ளையாகத்தான் இருக்கும். சிலர் மருதாணி வைத்துக்கொள்வதுபோல் அம்மாவுக்குச் சுண்ணாம்பு பிடிக்கும்போல என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே வைத்தியத்தை நான் ஏற்றுக்கொண்டேன். சுண்ணாம்பு தடவிய கதையை மேலேயே சொல்லிவிட்டேன். சர்வேயர் அதை நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு இளநீர். கொல்லை மரத்திலிருந்து அப்பா வெட்டிப்போட்ட குலையில் அன்று ஒன்று, வெள்ளிக்கிழமை காலை இரண்டு. நாய் இளநீர் குடிக்காது. நானா விடுவேன். தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயோரம் டம்ளரைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே அனுப்பினேன். கொஞ்சமும் சிந்தாமல் குடிக்கவைத்ததைப் பற்றி எனக்குத் தனிப் பெருமை.

இடையில் ஒருமுறை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பாவைக் கேட்டேன். இதை என் பெயரில் வரவு வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கணக்குப் பரீட்சை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளி அரசாங்கக் கால்நடை மருந்தகம் ஒன்று உண்டு. அதை அந்தப் பெயரில் யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது மாட்டாஸ்பத்திரி. அப்பா சிரித்தார்.

"மாட்டாஸ்பத்திரிக்கு நாயைத் தூக்கிட்டுப் போனா, ஒன்னயத்தாண்டா புடிச்சிக் கட்டிப் போடுவாங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெயரிலேயே மாடு இருக்கும்போது நாய்க்கு அங்கே என்ன வேலை. பரீட்சை எழுதப் போனேன்.

அது சம்பாவில் களை எடுக்கும் சமயம். அம்மா விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு வயலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். எங்கள் ஊர் வயலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தட்டு மாதிரி. இந்த ஊரில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் அடிவரைக்கும் தெரியும். நடுவில் ஒரு புதர் கிடையாது. வரப்பில் ஆண்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள். அம்மா எடுத்துப்போகும் தண்ணீர்த் தூக்கு, காலையில் போன கனத்தோடே சாயங்காலம் திரும்பி வரும். வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்கிறாளே, என்ன திடம் என்று நான் வியந்ததுண்டு. வீட்டில் கழிப்பறையும் அப்போது கட்டியிருக்கவில்லை. இருட்டியபிறகு பெண்கள் சேர்ந்து ஆற்றங்கரைப் பக்கம் போவார்கள். சர்வேயருக்கு இருநூறு மா இருந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்தபோது சர்வேயர் தொட்டியடியில் படுத்திருந்தது. மத்தியானத்திலிருந்து இரண்டு மூன்று தரம் வாந்தி எடுத்திருந்தது. அம்மா காலில் சேறோடு அப்படியே உட்கார்ந்து அதன் அடிவயிற்றில் கையை வைத்தாள். லேசாகத்தான் வைத்தாள். நாய் முனகியது. அம்மா கையை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். எனக்கும் தொட்டுப்பார்க்க ஆசை. தொட்டேன். காற்று நிறைய அடித்த பந்து மாதிரி விண்ணென்று இருந்தது. நான் கொடுத்த மூன்று இளநீரும் அங்கேதான் இருந்தன.

"இது சூடு இல்ல," என்றாள் அம்மா. "அடைச்சிக்கிட்டிருக்கு. முக்கிப் பாக்குது, வரல. வலியில செத்துக்கிட்டிருக்கு அது."

ஒனக்கு எப்படித் தெரியும், பெரிய டாக்டரா, என்று அப்பா கேட்டார். அம்மா, விடிந்ததும் தான் கொண்டுபோவதாகவும், களைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடும்படியும் மட்டும் சொன்னாள். களைக்குப் போகாத நாள் என்று அம்மாவுக்கு ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூடப் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை, சைக்கிள் கேரியரில் உரச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் சர்வேயரைப் படுக்கவைத்து, நான் தள்ள அம்மா பிடித்துக்கொண்டு போனோம். மைல்கல்லைத் தாண்டும்போது அது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் நாலு மாடும் ஏழெட்டு ஆடும் நின்றன. யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டாக்டர் ஒரு பெண். இளவயதுதான், கண்டிப்பான முகம். நாயின் வயிற்றைத் தொட்டதும் மாட்டுக்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எங்களை முதலில் உள்ளே கூப்பிட்டார். பிறகு கேள்வி மேல் கேள்வி. எத்தனை நாளாக இப்படி. சொட்டுச் சொட்டாகப் போனதா. என்ன நிறம். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமா, குறைவா. முக்குகிறதா, முனகுகிறதா. கடைசியாக நன்றாகப் போனது எப்போது. அம்மா, தான் வீட்டில் இருப்பதில்லை, பையனுக்குத்தான் தெரியும் என்று என்னைக் காட்டினாள்.

எனக்குக் குஷி. பரீட்சையில் தெரிந்த கேள்வியாக வந்ததுபோல் இருந்தது. இரண்டு வாரமாக அதிகமாகவே போகிறது, நானே எண்ணினேன், ஒரே காலையில் இருபது தரம் காலைத் தூக்கியது என்றேன்.

டாக்டரம்மா என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"இருபது தடவை தூக்கினான்னா, இருபது தடவையும் சரியா வரலைன்னு அர்த்தம்."

மைல்கல்லில் இருந்தது வெற்றிலைச் சாறு இல்லை என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. இளநீர் கதையை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். அம்மா சொல்லிவிட்டாள். அடைத்த குழாய்க்கு மேலே மேலே தண்ணீர் விட்டிருக்கிறீர்கள் என்றார் டாக்டர். வெளிவருகிற குழாய் அடைத்தால் முதலில் மோட்டாரை நிறுத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் பம்புசெட்காரர் வீட்டில் நடந்த வைத்தியம் இது.

மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். கல் என்றார். பிறகு வயிற்றில் ஊசியைக் குத்தி, நீரை உறிஞ்சி எடுத்தார். ஊசிக்குழல் நிறைய நிறைய, காப்பித் தூளும் ரத்தமும் கலந்த மாதிரி ஒரு நிறம். எடுத்துக்கொண்டே, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நிறம் மாறினாலோ, அடிக்கடி போனாலோ, திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தாலோ, வீட்டுக்குள்ளேயே விட்டாலோ, ஓரிரு நாளைக்குள் கொண்டுவரவேண்டும். முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால், நாளைக்கு என்று ஒன்று கிடையாது, அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடிவரவேண்டும். நான் தலையாட்டினேன். அம்மா என் பக்கமும் டாக்டர் பக்கமும் பார்க்கவில்லை. ஊசிக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனுசங்களுக்கும் இந்தக் கலர்ல போவுமாங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் கையை நிறுத்தவில்லை. "யாருக்கும்மா?"

"பக்கத்து வீட்டுல. ஒரு பொம்பளைக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. இவனை விட்டமாதிரி விட்டுடாதீங்க."

சரிங்க, என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இங்கே முடிகிற காரியம் இல்லை, தஞ்சாவூரில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோனால் அறுத்துக் கல்லை எடுக்கலாம், ஆனால் சிறுநீரகம் எந்த அளவில் இருக்கிறதோ என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டு பஸ் போய்விட்டன. வைக்கோல் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகப் போன ஒரு மினி வேன்காரரை அம்மா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினாள். பின்னால் ஏறி உட்கார்ந்தோம். சர்வேயரின் தலை அம்மா மடியில். வலங்கைமான் தாண்டுவதற்குள் அதன் மூச்சு ஒருதரம் நீளமாக இழுத்து நின்றது. நான் தூங்கிவிட்டது என்று நினைத்தேன். வலி குறைந்து தூங்குகிறது பாரும்மா என்றுகூடச் சொன்னேன். அம்மா, வேன்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

அப்பா வரப்போரமாகக் குழி வெட்டினார். வழக்கமாக எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவர், அன்றைக்கு மண்ணை மட்டும் தள்ளினார். நான் அழுதேன். இரண்டு நாளைக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்த அதே வாயால்தான்.

இனிமேல் நடந்ததைத்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு உயிரைக் கோட்டைவிட்டாயிற்று, இன்னொன்றையாவது காப்பாற்றிவிடவேண்டும் என்று எனக்குள் ஒரு தீவிரம். டாக்டரம்மா சொன்னது பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யோசித்தேன். அம்மா துக்கத்தில் மறந்திருப்பாள். எங்களுக்குப் பக்கத்து வீடு என்றால் ஒன்றுதான். அங்கே இருந்தது ஒரு அத்தை. சொந்த அத்தை இல்லை, கூப்பிடுகிற முறைக்கு. தெருக் குழாயில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், அவரும் நின்றார். நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

"அத்தை, ஒங்களுக்கு ஒன்னுக்கு ரத்தமாப் போவுதாமே. டாக்டரம்மா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாங்க."

எவடா சொன்னா, என்றார் அத்தை. அம்மாதான் டாக்டரிடம் சொன்னாள் என்று, சாட்சியைக் காட்டும் பெருமிதத்தோடு, வீட்டைக் காட்டினேன். மிச்சத்தை விவரிக்கவேண்டியதில்லை. அத்தை குடத்தை வைத்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து, கொஞ்சம்கூடக் குறைக்காமல் கேட்டார். ஊரில் இல்லாத சீக்கையெல்லாம் தன் தலையில் கட்டுவதற்கு இவள் யார் என்றார். தெருவே கூடிவிட்டது. அம்மா வெளியே வந்து நின்றாள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் தெளிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. சின்னப்பய ஏதோ உளறிட்டான், மனசுல வச்சிக்காதீங்க, என்று கையைக் கூப்பினாள்.

அடி விழும் என்று நான் ஈயப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். விழவில்லை. அம்மா உள்ளே வந்து, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தாள். அடிக்காமல் விட்டாளே என்று எனக்கு நிம்மதி.

இந்தக் கதை அப்பாவுக்குக் கிடைத்த பொக்கிஷம். யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லிக் காட்டுவார். எனக்கு டாக்டர் என்று பெயரே ஆகிவிட்டது. நானும் அத்தையின் குரலில் எவடா சொன்னா என்று நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கல்யாண வீடுகளில்கூடச் செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் அம்மாவும் அங்கேதான் இருப்பாள். சிரிக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. கைதட்டுகிறவர்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, அம்மா நடவு வயலில் மயங்கி விழுந்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிறுநீரகம் முழுக்கக் கெட்டுவிட்டது, மற்றதிலும் கல் என்றார்கள். அங்கே இருந்த மருத்துவர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாளாக இப்படி. சொட்டுச் சொட்டாகப் போகுமா. என்ன நிறம். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள். நானும் அப்பாவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். மாட்டாஸ்பத்திரியில் நாய்க்குப் பதில் சொல்ல நான் இருந்தேன், இருபது தரம் என்று கணக்கோடு. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் தெரியவில்லை. அம்மாவே சொன்னாள். எத்தனை வருஷமாக ரத்தம் கலந்து போகிறது என்று கேட்டபோது, எங்களைப் பார்க்காமல், அந்த நாய் இருந்தப்பவேங்க, என்றாள். எந்த நாய் என்று மருத்துவருக்குப் புரியவில்லை. அப்பா வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வார்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அன்றைக்கு அதை விட்டுவிட்டு, இத்தனை வருஷமா எங்ககிட்ட ஏம்மா சொல்லல, என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டிருப்பேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"யாருடா கேட்டீங்க?"